பாதி உரம்... மீதிக்குத் துவரை!

ஆஸ்பத்திரி என்றால் மாத்திரை தருவார்கள், ஊசி போடுவார்கள். எக்வெண்டேனி ஆஸ்பத்திரி விதை கொடுத்தது. துவரை விதை, கடலை விதை, சோயா விதை!

ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் இருக்கும் மலாவி நாட்டில், வட பகுதியில் இருக்கிறது எக்வெண்டேனி என்ற சிற்றூர். அங்குள்ள மிஷன் ஆஸ்பத்திரியில், சத்துக் குறைவால் மெலிந்துபோன குழந்தைகளைச் சேர்த்து, உடம்பைத் தேற்றி அனுப்பும் பிரிவு ஒன்று உண்டு. 1990-களின் பிற்பகுதியில் அந்தப் பிரிவுக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், மக்காச்சோளம் பயிரிடும் குடும்பத்துத் தாய்மார்கள். விளைவிக்கிறவர் வீட்டிலேயே பிள்ளைக்குச் சோறு போதவில்லை. ஏன் இப்படி என்று ஆஸ்பத்திரி செவிலியர் எஸ்தர் லுபாஃப்யாவும், கனடாவில் இருந்து ஆய்வுக்காக வந்திருந்த ரேச்சல் பெஸ்னர் கெர் என்ற மாணவியும் வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். திரும்பத் திரும்பக் கிடைத்த பதில் ஒன்றுதான். உரத்துக்கு இருந்த மானியம் போய்விட்டது, நாட்டின் பணமும் மதிப்பிழந்தது, உரம் விலை ஏறிவிட்டது. உரம் போடாமல் மக்காச்சோளம் வருவதில்லை. மக்காச்சோளம் வராவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

குழந்தையின் எடை குறைவதற்கான காரணம் வயலில் இருக்கிறது என்றால், வைத்தியத்தையும் அங்கேதானே தொடங்க வேண்டும்? 2000-ம் ஆண்டில் 30 விவசாயிகளை வைத்து, மண், உணவு, ஆரோக்கியம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு திட்டத்தை அந்த ஆஸ்பத்திரி ஆரம்பித்தது. பின்னால் அது சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பரவியது.

மக்காச்சோளம்தான் உயிர்

நம் பக்கம் பெரம்பலூரிலும் அரியலூரிலும் விளையும் மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகிறது. மலாவியில் அப்படியில்லை. அங்கே அதுதான் மூன்று வேளைச் சோறு. வெள்ளை மக்காச்சோள மாவைக் கிண்டி, நம்மூர்க் களி போலச் செய்யும் 'என்சிமா' தட்டில் இல்லை என்றால், வேறு எதைச் சாப்பிட்டாலும் சாப்பிட்டதாகவே கணக்கு இல்லை. 'மக்காச்சோளம்தான் உயிர்' என்பது அந்த நாட்டில் புழங்கும் பேச்சு.

ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக இரண்டரை ஏக்கருக்கும் குறைவான நிலம். நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும் ஒரே ஒரு மழைக்காலம். ஏர் மாடு கிடையாது, பெரும்பாலும் மண்வெட்டிதான். முந்தைய அறுவடைத் தானியம் டிசம்பர், ஜனவரியில் குதிரின் அடியைத் தொட்டுவிடும். அடுத்த கதிர் பிடிக்க மார்ச் ஆகும். இந்தச் சில மாதங்களைத்தான் 'பசிக்காலம்' என்கிறார்கள். களை எடுக்க அதிக உழைப்பு வேண்டிய மாதங்களும் அவையேதான். சாப்பாட்டுக்காக அடுத்தவர் வயலில் கூலி வேலைக்குப் போய்விட்டால், சொந்த வயலில் களை மண்டிவிடும். அடுத்த வருஷமும் குதிர் சீக்கிரமே காலியாகும்.

முன்பெல்லாம் நிலத்தைச் சில வருஷம் தரிசாகப் போட்டு ஆற விடுவார்கள். மக்கள்தொகை பெருகி, நிலம் துண்டாகிப் போனபிறகு அதற்கு வழியில்லை. வருஷா வருஷம் அதே நிலத்தில் அதே மக்காச்சோளம். ஒரு டன் மணி வயலைவிட்டு வெளியேறும்போது, கிட்டத்தட்ட 15 கிலோ தழைச்சத்தும் சேர்ந்தே போகிறது. தட்டையையும் எரித்துவிட்டால் அதில் இருந்ததும் புகையோடு போய்விடும். மண் இளைத்ததும் வந்து சேர்ந்தது ஒட்டுண்ணிக் களை. நம்மூரில் கரும்பிலும் சோளத்திலும் பார்க்கும் சுடுமல்லியின் இனம்தான். சிவப்புப் பூவோடு பார்க்க அழகாக இருக்கும். ஆனால், மண்ணுக்கு அடியிலேயே மக்காச்சோள வேரைக் கவ்விச் சத்தை உறிஞ்சிவிடும். சூனியத்தைக் குறிக்கும் சொல்லில் இருந்துதான் உள்ளூரில் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். தழைச்சத்து குறைந்த மண்ணில்தான் அதன் ஆட்டம் அதிகம்.

நாடு முழுக்க ஒரே சிபாரிசு

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. உரச் சிபாரிசு ஒன்று இருந்தது. ஹெக்டேருக்கு 96 கிலோ தழைச்சத்து, 40 கிலோ மணிச்சத்து. ஏக்கர் கணக்கில் சுமார் 39 கிலோ, 16 கிலோ. மேட்டு நிலம், பள்ள நிலம், மணல், களி என்ற பாகுபாடு இல்லாமல் நாடு முழுக்க இதே அளவு. இந்த அளவில் உரம் போட வசதியுள்ள சிறு விவசாயி அபூர்வம். போட்டாலும் போட்ட காசு திரும்புமா என்பது வேறு கேள்வி.

1990-களின் நடுவில் மலாவி ஆய்வாளர்கள் இந்தச் சிபாரிசை விவசாயிகளின் வயல்களிலேயே, நாடு முழுக்கச் சோதித்துப் பார்த்தார்கள். ஆய்வுப் பண்ணைக்குள் மட்டும் நடக்காமல், அவரவர் வயலில் இவ்வளவு விரிவாக நடந்த சோதனைகள் குறைவு. வீட்டுச் சாப்பாட்டுக்காக விளைவிப்பவருக்கும் சந்தைக்கு விற்பவருக்கும் ஒரே அளவு ஆகாது, மண்ணைப் பொறுத்தும் அளவு மாறும் என்று அதில் தெரிந்தது. சில இடங்களில் ஹெக்டேருக்கு 35 கிலோ தழைச்சத்தே போதும், அதற்கு மேல் போட்டால் கையைக் கடிக்கும் என்று சிபாரிசு திருத்தப்பட்டது. ஏக்கருக்கு 14 கிலோதான் வருகிறது. அதாவது ஒரு மூட்டைக்கும் குறைவான யூரியா.

ஆனால், அந்த ஒரு மூட்டையும் வாங்க முடியாதவர் என்ன செய்வார்?

கிளைரிசிடியா, கொழிஞ்சி, பூனைக்காலி

இதற்கு விடை தேடியவர்கள் நமக்கு நன்கு பழக்கமான பெயர்களில்தான் போய் நின்றார்கள். தென் மலாவியில் சோம்பா நகரத்துக்குப் பக்கத்தில் மக்கோக்கா ஆராய்ச்சி நிலையத்தில், 1990-களின் தொடக்கத்தில் கிளைரிசிடியாவை மக்காச்சோளத்துக்கு ஊடாக நட்டார்கள். நம்மூரில் வேலியோரம் நட்டு, தழையை வெட்டி நெல் வயலில் போட்டு மிதிக்கிறோமே, அதே மரம். அங்கே பார்களுக்கு நடுவில் உள்ள சாலில் நட்டு, மரமாக வளரவிடாமல் அடிக்கட்டையை மட்டும் நிறுத்தி, வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை தழையைக் கழித்துப் பாருக்குள் புதைத்தார்கள். பத்து வருஷத்துக்கும் மேல் நடந்த சோதனை. எதுவும் போடாத பாத்தியில் ஹெக்டேருக்கு ஒரு டன் அளவிலேயே மகசூல் நின்றது. கிளைரிசிடியா தழை விழுந்த பாத்தியில் மூன்று டன்னைத் தாண்டியது. ரசாயன உரம் ஒரு பிடிகூடப் போடாமல்!

இன்னொரு பக்கம் கொழிஞ்சி. நம்மூர்க் கொழிஞ்சியின் பெரிய அண்ணன் என்று சொல்லலாம், ஆள் உயரத்தையும் தாண்டி வளரும் ஆப்பிரிக்க இனம். மூன்றாவது, கொடியாகப் படர்ந்து நிலத்தையே மூடிவிடும் பூனைக்காலி. இலைதழை குவிப்பதிலும் தழைச்சத்து சேர்ப்பதிலும் இவை கெட்டிக்காரப் பயிர்கள். ஆய்வாளர்களின் பட்டியலில் முதல் இடங்கள் இவற்றுக்குத்தான்.

ஆனால், விவசாயிகளின் பட்டியல் வேறு மாதிரி இருந்தது. கிளைரிசிடியா பலன் கொடுக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதுவரை கவாத்து வேலை மட்டும்தான் மிச்சம். கொழிஞ்சியைத் தின்ன முடியாது, மீனை மயக்கும் விஷம் உள்ள செடி. பூனைக்காலி விதையிலும் நச்சு உண்டு. தெற்கு மலாவியில் அதைச் சாப்பிடுகிறவர்கள், மணிக்கணக்கில் வேகவைத்து, தண்ணீரைத் திரும்பத் திரும்ப இறுத்து ஊற்றிய பிறகுதான் தொடுவார்கள். அதற்கு ஆகும் விறகையும் தண்ணீரையும் சுமக்கிறவர் யார் என்று கேட்டுப் பார்த்தால் போதும். மண்ணுக்காக மட்டும் ஒரு பயிரைப் போட, இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் எந்த மூலையை ஒதுக்குவார்?

தாய் வயல், குழந்தை வயல்

அமெரிக்க மண்ணியல் ஆய்வாளர் சீக்லிண்டே ஸ்னாப் 1990-களில் மலாவியில் வேலை பார்த்தவர். விவசாயி எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதை விவசாயியிடமே விட்டுவிடலாம் என்று அவர் ஒரு முறையை வகுத்தார். ஊருக்குப் பொதுவான ஓரிடத்தில் எல்லா முறைகளையும் பாத்தி பாத்தியாகப் பயிரிட்டுக் காட்டுவார்கள். அது 'தாய் வயல்'. அதைப் பார்த்துவிட்டு, தனக்குப் பிடித்த சில முறைகளை மட்டும் ஒவ்வொரு விவசாயியும் தன் நிலத்தில், தன் வழக்கமான முறையோடு பக்கத்தில் வைத்துச் சோதிப்பார். அது 'குழந்தை வயல்'. ஒரு தாய்க்குச் சுற்றிலும் பல குழந்தைகள். எக்வெண்டேனி திட்டமும் இந்த வழியில்தான் நடந்தது.

அறிவியலாளர்கள் மகசூலையும் மண்ணில் சேர்ந்த தழைச்சத்தையும் அளந்தார்கள். பெண்கள் வேறு விஷயங்களை அளந்தார்கள். பசிக்காலத்தில் எதைப் பறித்து உலையில் போடலாம்? எந்தக் குச்சி அடுப்புக்கு ஆகும்? எதைப் பிள்ளைக்குக் கஞ்சியில் கலக்கலாம்? சில வருஷங்களில் விடை தெளிவாகிவிட்டது. பூனைக்காலியும் கொழிஞ்சியும் பின்னுக்குப் போயின. துவரையோடு நிலக்கடலை, துவரையோடு சோயா ஆகிய இரண்டு ஜோடிகள் முன்னே வந்தன.

சூட்சுமம் எளிமையானது. முதல் வருஷம் மக்காச்சோளம் கிடையாது. ஒரே பாரில், மழை விழுந்ததும் கடலையும் துவரையும் ஒன்றாக விதைக்கிறார்கள். அங்கே போடுவது நீண்ட காலத் துவரை. முதல் இரண்டு மூன்று மாதம் ஆமை வேகத்தில்தான் வளரும். அதனால் கடலைக்கு வெயிலையும் ஈரத்தையும் மறைக்காது. கடலையைப் பிடுங்கி எடுத்த பிறகு, துவரைக்கு மொத்த நிலமும் சொந்தம். ஆழமாக இறங்கிய வேர், மழை நின்ற பிறகும் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தைக் குடித்து, ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் நெற்று முற்றுகிறது. ஒரு மழைக்கு இரண்டு பருப்பு. வேர்முடிச்சு இரண்டிலும் உண்டு. துவரை தன் இலையை வேறு உதிர்த்துக்கொண்டே இருக்கும். இரண்டாம் வருஷம் அதே பாரில் மக்காச்சோளம்.

துவரையிடம் இன்னொரு வித்தையும் இருக்கிறது. ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் உள்ள இக்ரிசாட் நிலையத்தில் வேலை பார்த்த ஜப்பானிய ஆய்வாளர் குழு 1990-ல் அதை வெளியிட்டது. செம்மண்ணில் மணிச்சத்து பெரும்பாலும் இரும்போடு ஒட்டிக்கொண்டு, பயிருக்குக் கிடைக்காமல் கிடக்கும். துவரை வேரில் கசியும் ஒருவகை அமிலம் அந்தக் கட்டை அவிழ்த்து மணிச்சத்தை எடுத்துக்கொள்கிறது. அதே சத்து உதிரும் இலை வழியாக அடுத்த பயிருக்கும் போய்ச் சேர்கிறது.

கொடியை எப்போது புதைப்பது?

பருப்பை எடுத்துக்கொண்டு செடியை எரித்துவிட்டால், சேர்ந்த தழைச்சத்தில் பெரும்பகுதி வீண். மலாவியில் அறுவடைக்குப் பிறகு வயலுக்குத் தீ வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அடுத்த பார் பிடிக்க வசதி, வயலெலி பிடிக்கவும் வசதி. எலி வறுவல் அங்கே விரும்பிச் சாப்பிடும் பண்டம்.

எக்வெண்டேனியில் திட்டக்காரர்கள் மிகவும் வற்புறுத்தியது விதையைவிட இந்த விஷயத்தைத்தான். கடலைக்கொடி பச்சையாக இருக்கும்போதே, மண்ணில் ஈரம் இருக்கும்போதே புதைத்துவிட வேண்டும். வெயிலில் சருகாகக் கிடந்தால் சத்து போகும், ஆடு மாடும் மேய்ந்துவிடும். வழக்கமாக அக்டோபரில் காய்ந்த மண்ணை வெட்டிப் பார் பிடிப்பார்கள். அதை ஏப்ரல், மே மாதத்துக்கு முன்னால் இழுக்கச் சொன்னார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த மாதத்தில்தான் மக்காச்சோளம் ஒடிக்க வேண்டும், கடலை ஆய வேண்டும், வீட்டுக்குச் சுமக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் மண்வெட்டியையும் தூக்கு என்றால் பெண்களுக்குச் சுமை இரட்டிப்பாகிறது. ஆண்களும் புதைக்கும் வேலையில் இறங்கிய வீடுகளில்தான் இது நிலைத்தது. மண்ணியல் புத்தகத்தில் இந்த வரி இருக்காது, ஆனால் மண் வளத்தைத் தீர்மானிப்பதில் இதுவும் ஒன்று.

வீட்டுக்குள் இருந்த சிக்கல் இதோடு முடியவில்லை. சோயாவுக்கு நல்ல விலை கிடைத்ததும், பெண்கள் விளைவித்ததை ஆண்கள் விற்று, காசு சாராயக் கடைக்குப் போன கதைகள் கூட்டங்களில் வெளியே வந்தன. கைக்குழந்தைக்கு என்ன ஊட்டுவது என்பதைப் பல வீடுகளில் தாய் முடிவு செய்வதில்லை, மாமியார்தான். எனவே, விதை கொடுத்தால் மட்டும் போதாது என்று, ஊர்ப் பொது இடத்தில் 'சமையல் நாள்' நடத்தினார்கள். சோயாவையும் கடலையையும் துவரையையும் கஞ்சியிலும் குழம்பிலும் எப்படிச் சேர்ப்பது என்று செய்து காட்டி, ஆண்களையும் பாட்டிமார்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்கள். திட்டத்தில் நீண்ட காலம் இருந்த கிராமங்களில் குழந்தைகளின் எடை தேறியிருப்பதாக 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது.

பாதி உரத்தில் அதே மகசூல்

இந்தப் பயிர் முறைகளை மலாவியின் பல பகுதிகளிலும் பல வருஷம் சோதித்த முடிவுகளை, ஸ்னாப் குழுவினர் 2010-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியிட்டார்கள். முழு உரம் போட்ட தனி மக்காச்சோளம் கொடுத்த தானிய அளவை, துவரை போன்ற புதர்ப் பருப்புப் பயிரோடு சுழற்சி செய்து பாதி உரம் மட்டும் போட்ட நிலமும் கொடுத்தது. வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்கும் மகசூல் வித்தியாசம் 22 சதவிகிதத்தில் இருந்து 13 சதவிகிதமாகக் குறைந்தது. பசிக்காலத்தைப் பார்த்த வீட்டுக்கு இந்த இரண்டாவது கணக்குதான் முக்கியம்.

உரமே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ரொம்பவும் இளைத்த மண்ணில் பருப்புப் பயிரே முதலில் தலையெடுக்காது. கொஞ்சம் உரமும் பருப்பும் சேர்ந்தால்தான் இரண்டும் வேலை செய்யும். மலாவி அரசு 2005-ல் உர மானியத்தைப் பெரிய அளவில் திரும்பக் கொண்டுவந்தபோது மக்காச்சோள விளைச்சல் உயர்ந்தது உண்மை. ஆனால், துறைமுகமே இல்லாத நாடு அது. அண்டை நாடுகளின் துறைமுகத்தில் இறங்கி, லாரியில் ஏறி வரும் மூட்டைக்கு, உலகச் சந்தை தும்மினால்கூட விலை ஏறும். 2022-ல் உக்ரைன் போர் வந்தபோது அதுதான் நடந்தது.

ஆடும் விலையும்

இவ்வளவு நல்ல பயிர் என்றால் ஏன் எல்லோரும் போடவில்லை? முதல் காரணம், ஆடு. மக்காச்சோளம் ஒடித்ததும் கால்நடைகளை அவிழ்த்துவிடுவது ஊர் வழக்கம். எல்லா வயலும் மொட்டையாக இருக்கும்போது துவரை மட்டும் பச்சையாக நின்றால் என்ன ஆகும்? தென் மலாவியில் கால்நடை குறைவு, துவரை அங்கே பரம்பரைப் பயிர். நடுப்பகுதியிலும் வடக்கிலும் ஊர் கூடி ஆட்டைக் கட்டிவைக்கச் சம்மதித்தால்தான் துவரை பிழைக்கும். தனி ஒருவரால் ஆகாது. அடுத்தது வாடல் நோய். அதைத் தாங்கும் 'கச்சாங்கு' என்ற ரகம் வந்த பிறகு அந்தத் தொல்லை ஓரளவு குறைந்தது.

விலைக்கான காரணம் நம் நாட்டில் இருக்கிறது. மலாவியில் விற்பனைக்கு வரும் துவரையில் பெரும்பங்கை வாங்குவது இந்தியா. இங்கே 2015-ல் துவரம்பருப்பு விலை எகிறியபோது அங்கே விவசாயிகள் ஆர்வமாக விதைத்தார்கள். அடுத்து இங்கே விளைச்சல் கொட்டியது. நம் விவசாயிகளைக் காக்க, 2017 ஆகஸ்ட்டில் துவரை இறக்குமதிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்று மத்திய அரசு வரம்பு போட்டது. மலாவியிலும் மொசாம்பிக்கிலும் விலை தரைதட்டியது. பிறகு 2021-ல், மலாவியில் இருந்து ஆண்டுக்கு 50,000 டன் வீதம் ஐந்தாண்டுகளுக்கு வாங்க இந்தியா ஒப்பந்தம் போட்டது. விலை விழுந்த வருஷத்திலும், வீட்டுச் சட்டிக்காக விதைத்தவரிடம் பருப்பாவது மிஞ்சியது. விற்பதற்கென்றே விதைத்தவருக்குத்தான் அடி பலம்.

நம் வயலில் ஒரு குழந்தை வயல்

மலாவியின் விதையையோ உர அளவையோ அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே நீண்ட காலத் துவரை பிழைப்பது, மழைக்குப் பிறகும் ஆழத்தில் நிற்கும் ஈரத்தால். நம் மானாவாரி நிலங்களில் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் மண் எவ்வளவு நாள் ஈரம் பிடிக்கும் என்பது கரிசலுக்கும் செம்மண்ணுக்கும் வேறுபடும். அந்தந்தப் பகுதிக்கு ஏற்ற துவரை ரகம் எது என்பதைப் பக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

சோதிக்கும் முறையை மட்டும் தாராளமாகக் கடன் வாங்கலாம். மண் ஒரே மாதிரி உள்ள இடத்தில் 20 சென்ட் போதும். அதை ஐந்து ஐந்து சென்ட்டாக நான்காகப் பிரித்து, நான்கு மூலையிலும் கல் நட்டுக்கொள்ள வேண்டும். முதல் துண்டில் வழக்கம்போல மக்காச்சோளம், வழக்கமான உரம். இரண்டாவதில் மக்காச்சோளம், பாதி உரம். மூன்றாவது, நான்காவது துண்டுகளில் முதல் வருஷம் கடலையும் துவரையும். கொடியையும் சருகையும் அங்கேயே புதைத்து, அடுத்த வருஷம் மக்காச்சோளம். மூன்றாவதுக்குப் பாதி உரம், நான்காவதுக்கு உரம் இல்லை. விதைப்பு நாள், ரகம், களை எடுப்பு நான்குக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வித்தியாசம் எதனால் வந்தது என்றே தெரியாது.

பருப்பு எடுக்கும் துண்டுகளில் முதல் வருஷம் மக்காச்சோளம் இருக்காது என்பதால், ஒரு வருஷக் கணக்கை வைத்து முடிவு கட்டக் கூடாது. இரண்டு வருஷத்து மக்காச்சோளம், கடலை, துவரை எல்லாவற்றையும் துண்டு வாரியாக எடை போட்டு, ஒரு நோட்டில் எழுத வேண்டும். உரம் வாங்கிய காசை ஒரு பக்கம், கொடி புதைக்க ஆன ஆள் கூலியை இன்னொரு பக்கம். வீட்டு ஆட்களே புதைத்திருந்தாலும், எத்தனை பேர், எத்தனை நாள் என்று அதையும் எழுதிவிட வேண்டும்.